பால் பாக்கெட்டும் பாடப் புத்தகமும்

2023 டிசம்பர் முதல் வாரத்தை அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இருக்கும் நாங்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டோம். மிக்ஜாம் புயல்! தொழிற்பேட்டையில் வெள்ளம், தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பால் கவலை.

தெருமுனைக் கடைக்குப் பால் வந்துவிட்டது என்று கேட்டதும் ஓடினேன். தினம் வாங்குவது இரண்டு பாக்கெட். அன்று வாங்கியது ஆறு! 'நாளைக்கு வருமோ, வராதோ' என்ற பயம்தான். ஃப்ரிட்ஜ் ஓடவில்லையே என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் காலையில் மிச்சமிருந்த பால் அத்தனையும் திரிந்து சாக்கடைக்குப் போயிற்று. மாலையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒரு டம்ளர் பால் இருக்குமா? நேத்திலேருந்து கிடைக்கவே இல்ல" என்றாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

பொங்கலுக்கு வந்திருந்த என் அண்ணன் மகளிடம் இதைச் சொல்லி அங்கலாய்த்தேன். அவள் எம்.பி.ஏ. படிக்கிறாள். பாடம், சப்ளை செயின் மேனேஜ்மென்ட். "அத்தை, நீங்க பண்ணினதுதான் எங்க பாடத்துல முதல் அத்தியாயமே!" என்று சிரித்தாள்.

சப்ளை செயின் என்றால் வேறொன்றுமில்லை, பொருள் கைமாறி வரும் சங்கிலி. பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துச் சங்கத்தில் கொழுப்புச் சத்து பார்த்து வாங்குகிறார்கள். குளிரூட்டி, டேங்கரில் ஏற்றிப் பால் பண்ணைக்கு அனுப்புகிறார்கள். அங்கே 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி, உடனே குளிரவைத்து, பாக்கெட் போட்டு, நாம் தூங்கும்போதே வேனில் ஏற்றுகிறார்கள். அம்பத்தூரிலேயே ஆவினின் பண்ணை ஒன்று இருக்கிறது. இத்தனை கைகளில் ஒன்று தவறினாலும் காலைக் காப்பி இல்லை!

இதைச் சொல்லிக் கொடுக்க வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்களாம். 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல!) உண்டானது. கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. சீட்டில் ஆர்டர் மட்டும் எழுதி அனுப்பலாம். கேட்ட சரக்கு வந்து சேரச் சில வாரம் ஆகும். வாரம் 4 பெட்டி வாங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் 8 பெட்டி வாங்குகிறார்கள். அவ்வளவுதான், அதற்குமேல் ஏறுவதே இல்லை. ஆனால் கடைக்காரர் பயந்து கொஞ்சம் கூடக் கேட்க, அடுத்தவர் அதற்கும் மேலே கேட்க, தொழிற்சாலைக்குப் போகும்போது 30, 40 என்றுகூட ஆகிவிடுமாம். பிறகு சரக்கு குவிந்து, வாங்க ஆளிருக்காது.

புளியங்கொட்டையை வைத்து நாங்களும் ஆடிப் பார்த்தோம். என் பையன்தான் தொழிற்சாலை. கடைசியில் அவன் மடி நிறையப் புளியங்கொட்டை!

இதற்குச் 'சாட்டை விளைவு' என்று பெயர். கைப்பிடி லேசாக அசைந்தாலும் சாட்டையின் நுனி சுழன்றடிக்கிறதல்லவா? ஹாவ் லீ, வி. பத்மநாபன், ஸுங்ஜின் வாங் என்ற மூன்று பேராசிரியர்கள் 1997-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் அவர்கள் முதலில் காட்டிய உதாரணம் என்ன தெரியுமா, தாய்மார்களே? குழந்தைகளுக்குக் கட்டும் டயபர்! குழந்தைகள் தினம் ஒரே அளவில்தான் ஈரம் பண்ணுகின்றன. கடைகளின் விற்பனையும் பெரிதாக ஏறி இறங்கவில்லை. ஆனால் மேலே போகப் போக ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கியதாம்.

அவர்கள் சொன்ன காரணங்கள் நான்கு. ஊகத்தின் மேல் ஊகம் செய்வது. சேர்த்து வைத்து மொத்தமாக ஆர்டர் கொடுப்பது. தள்ளுபடி என்றதும் வேண்டியதற்கு மேல் வாங்கிக் குவிப்பது. தட்டுப்பாடு என்றதும் இரண்டு மடங்கு கேட்பது. இந்த நான்கில் எதை நாம் செய்யாமல் இருக்கிறோம், சொல்லுங்கள்!

"தொழிற்சாலை பாடு நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் கார், லாரிகளுக்கு உதிரி பாகம் செய்கிறார்கள். ஆர்டர் எகிறினால் ஓவர்டைம். சரிந்தால் வேலை இல்லை. சாட்டையின் அடி கடைசியில் யாரோ ஒரு வீட்டு அடுப்பங்கரையில்தான் விழுகிறது.

மருந்து என்ன? மறைக்காமல் சொல்வதுதான். கடையில் உண்மையில் எவ்வளவு விற்கிறது என்பது மேலே உள்ளவர்களுக்கும் தெரிந்துவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை. ஆவின் மாதாந்திரப் பால் அட்டை இருக்கிறதே, அதுவும் இந்த வேலையைத்தான் செய்கிறது. 'என் வீட்டுக்குத் தினம் இவ்வளவு' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். விலையில் சலுகை என்றுதான் இத்தனை நாளாக நான் நினைத்திருந்தேன்!

இப்போது மழைக்காலம் வந்தால் ஒரு பால் பவுடர் பாக்கெட்டை முன்னதாகவே, அவசரமில்லாத நாளில், வாங்கி வைத்துவிடுகிறேன். பெரியவர்கள் காப்பிக்கு அது போதும். (ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயது ஆகும்வரை பசும்பாலோ சாதாரணப் பால் பவுடரோ தாய்ப்பாலுக்கு ஈடாகாது. இதை மறக்க வேண்டாம்.) தட்டுப்பாட்டு நாளில் வழக்கமான இரண்டு பாக்கெட்டுக்கு மேல் வாங்குவதில்லை. தெருவில் எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று கடைக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன மழையில் பக்கத்து வீட்டுப் பெண் பால் கேட்டு வரவில்லை. கடையிலேயே கிடைத்துவிட்டதாம்.