ஸ்மார்ட் கிளாஸ் வந்தாச்சு... கடைசி பெஞ்சுக்குக் கேட்குதா?

"சார், கேக்கலை!" - கல்லூரியில் கடைசி பெஞ்சிலிருந்து வரும் இந்தக் குரலைப் பலரும் குறும்பு என்றே நினைக்கிறார்கள். பல நேரங்களில் அது நிஜம்.

புரொஜெக்டர், டச் ஸ்கிரீன், கேமரா என வகுப்பறைகள் மாறிவருகின்றன. அட்மிஷன் விளம்பரங்களிலும் அவைதான் பளபளக்கின்றன. ஆனால், சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் எல்லாமே ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புபவை. பேராசிரியர் சொன்ன ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் வந்து விழுகிறது. போதாக்குறைக்கு ஃபேன் சத்தம் வேறு.

பிரச்னை பழையதுதான். 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் புரியவில்லை. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. ஊர் அடங்கிய இரவுகளில் ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். அருகிலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அரங்கில் பரப்பினார். காலி அரங்கில் சுமார் 5.5 விநாடிகள் நீடித்த முழக்கம், மெத்தைகள் கூடக்கூடக் குறைந்தது. அறை பெரிதானால் முழக்கம் நீளும். உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும். இந்தக் கணக்குதான் அரங்க ஒலியியலுக்கு இன்றும் அடிப்படை. அமெரிக்கப் பள்ளி வகுப்பறைகளுக்கான தரநிலை, சிறிய அறைகளில் இந்த முழக்கத்துக்கு அனுமதிப்பது 0.6 விநாடிதான்.

மைக் வைத்தால் தீர்ந்துவிடாதா? ஓரளவுக்கு. முழங்கும் அறையில் வால்யூமைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும். மேஜை மைக் என்றால், பேராசிரியர் போர்டு பக்கம் திரும்பியதும் குரல் தேய்ந்துவிடும். காலர் மைக்கில் அந்தத் தொல்லை குறைவு.

அதிகம் தவிப்பது தமிழ்வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் முதன்முறையாக ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் மாணவர்கள். தாய்மொழியில் ஒரு சொல் தவறினாலும் மனம் ஊகித்துவிடும். பழகாத மொழியில், அதுவும் கலைச்சொல் என்றால், தவறியது தவறியதுதான். அவர்களில் பலர் "கேக்கலை" என்று சொல்லவும் கூச்சப்படுவார்கள்.

தீர்வு பெரும்பாலும் ஸ்மார்ட் போர்டைவிடச் சாதாரணமானது. கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள், கனமான திரைச்சீலைகள், சத்தம் போடாத ஃபேன்.

அட்மிஷனுக்குக் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கும் பெற்றோர், காலி வகுப்பறையில் ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பார்க்கலாம். ஓசை சட்டென்று அடங்கினால் நல்லது. இழுத்துக்கொண்டே போனால், மைக், ஸ்பீக்கர் பற்றி அங்கேயே கேட்டுவிடுங்கள்.