துருவை வேகவைத்தால் கருப்பு

தாத்தாவின் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி பேரன் கைக்கு வரும்போது குழல் வெளுத்திருக்கும். காலமெல்லாம் கைபட்ட இடத்தில் வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும். முனைப் பக்கம் செம்புள்ளி விழுந்திருக்கும். அமெரிக்கக் கிராமங்களில் இப்படிப்பட்ட துப்பாக்கிகள் ஏராளம். கடையில் கொடுத்துக் கருப்பேற்றினால், கூலி சில சமயம் துப்பாக்கியின் விலையையே எட்டிவிடும். அதனால் கார் ஷெட்டிலேயே வேலையை முடித்துக்கொள்கிறவர்கள் அங்கே உண்டு. (நம் ஊரில் அந்த ஆசை வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும்.)

குழலில் ஏற்றும் அந்தக் கருநீலக் கருப்பு பெயிண்ட் இல்லை. அதுவும் துருதான்.

தோசைக்கல்லைப் பழக்கும்போது வரும் கருப்பு, பெரும்பாலும் எண்ணெய் சூட்டில் இறுகிய படலம். துப்பாக்கியின் கருப்பு வேறு. இரும்பே ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட மேக்னடைட். சாதாரணச் செந்துரு நீரையும் சேர்த்துக்கொண்டு உப்பிப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி துரு பிடிக்கும். மேக்னடைட்டோ அடர்த்தியானது, இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும். செந்துருவைக் கொதிநீரில் போட்டால் அது மேக்னடைட் என்னும் கருந்துருவாகிவிடும். கொதிக்கும் நீரில் கரைந்த ஆக்சிஜன் அநேகமாக வெளியேறிவிடுவதால், மேலும் சிவக்க வழியில்லாமல் இரும்பும் துருவும் தங்களுக்குள் கணக்கை நேர்செய்துகொள்கின்றன.

தொழிற்சாலைகளில் இப்படித் துருவேற்றி வேகவைத்து மெனக்கெடுவதில்லை. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கவிட்டு, அதில் குழலை முக்கி எடுப்பார்கள். ஒரே முக்கில் கருப்பேறிவிடும். இரட்டைக்குழலுக்கு அது ஆகாது. இரண்டு குழல்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. சுடுகாரம் அதைத் தின்றுவிடும். இடுக்கில் தங்கும் உப்பு பல மாதம் கழித்து உள்ளிருந்து அரிக்கும். வெறும் தண்ணீரில் காரமும் இல்லை, சூடும் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் பற்றாசுக்கு ஆபத்தில்லை. ஏழைக்கு ஏற்ற முறையே இங்கே சரியான முறையும்கூட.

முதலில் உப்புத்தாளால் குழலை நீளவாக்கில் தேய்க்க வேண்டும். துரு அரித்த ஆழமான குழிகளை விட்டுவிடுவதே நல்லது. மெல்லிய இடங்களில் குழல் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அழகுக்காக அதையும் சுரண்டுவது அறிவீனம். பிறகு அசிட்டோனால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, அமிலம் கலந்த துருவேற்றும் கரைசலை மெல்லியதாகத் தடவி, ஈரப்பதமான பெட்டியில் சில மணிநேரம் விடுவார்கள். கையுறை இல்லாமல் தொட்டால் போச்சு, விரல்ரேகை அப்படியே கறையாகப் படிந்துவிடும். இரண்டு முனையிலும் மரக்கட்டை அடைப்பான் செருகுவது குழலின் உட்புறத்தைக் காக்க மட்டுமல்ல, பிடித்துத் தூக்கவும்தான்.

பெட்டியைத் திறந்தால் குழல் முழுக்கச் செம்மண் பூசினாற்போல் மெல்லிய துரு. அதைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். எழுபது சென்டிமீட்டர் குழல் எந்தச் சட்டியில் அடங்கும்? இரண்டு அடுப்புகளின் மேல் குறுக்கே வைத்த நீளத் தகரத்தொட்டியில்தான். கால் மணி நேரத்துக்குள் செம்மண் நிறம் போய், கருப்பு வெல்வெட் போன்ற தூசு குழலைப் போர்த்தியிருக்கும். எண்ணெய் நீக்கிய மெல்லிய இரும்பு நாரால் மென்மையாகத் தேய்த்தால் தூசு உதிர்ந்து, அடியில் வெளிறிய சாம்பல் மட்டும் நிற்கும். முதல்முறை பார்க்கிறவர்களுக்குச் சப்பென்றிருக்கும். அதையே ஆறேழு முறை திரும்பச் செய்ய வேண்டும்; ஒவ்வொரு சுற்றிலும் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகும்.

ஐந்து நிமிடத்தில் கருப்பாக்கும் குப்பி மருந்துகளும் கடையில் உண்டு. அவற்றில் பலவற்றின் சரக்கு செலினியமும் செம்பும். அது இரும்பின் மேல் ஒட்டிய மேல்பூச்சு, சீக்கிரம் தேய்ந்துவிடும். செலினியம் நஞ்சு வேறு. கீறல் மறைக்க ஆகும், முழுக் குழலுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

கடைசிக் கொதியில் ஒரு கரண்டி சமையல் சோடா சேர்ப்பார்கள். மிச்ச அமிலம் அடங்காவிட்டால் துரு தன்பாட்டுக்கு வேலையைத் தொடரும். பிறகு சூடு ஆறுவதற்குள் எண்ணெயைத் தாராளமாகப் பூசி இரவு முழுக்க விட்டு, காலையில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார்கள். துணியில் சிவப்பு ஒட்டினால், இன்னொரு கொதி.