ஷிஃப்ட் முடிவதற்குள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், வால்போல் சிறை, 1982. "என்ன நடக்கிறது?" என்று ஒரு கைதி இரண்டு முறை உரக்கக் கேட்பது காவலர் ஒருவரின் காதில் விழுந்தது. நடைபாதைக் கதவைத் திறந்தார். ஒரு கைதியின் வாயிலிருந்து ரத்தம் வடிந்தது. ஒரு கண் வீங்கியிருந்தது. தரையில் மண் சிதறிக் கிடந்தது. மூன்று பேர் அங்கிருந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். கம்பிவேலி போட்டு அடைத்த அந்த இடத்தில் வேறு ஆள் இல்லை.

அடி விழுந்ததை அந்தக் காவலர் பார்க்கவில்லை. கண்டதையும், அதிலிருந்து ஊகித்ததையும் அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். ஓடியவர்களில் இருவருக்கு, நன்னடத்தையால் தண்டனையில் கழிந்திருந்த நாள்களில் 100 நாள் பறிபோனது. 15 நாள் தனிமைச் சிறை வேறு. அடிபட்டவரோ, தன் காயத்துக்கு இவர்கள் காரணமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். மாநில நீதிமன்றங்கள் கைதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சிறை ஒழுங்கு விசாரணையில் ஏதேனும் ஒரு சான்று இருந்தால் போதும், இங்கே இருப்பது சொற்பமே என்றாலும் அது போதும் என்றது.

காவலர் எழுதும் ஒரு பக்கத்துக்கு அவ்வளவு கனம். அங்குள்ள பல சிறைகளில் அந்தப் பக்கத்துக்கென்று ஒரு நடைமுறை உண்டு. சம்பவத்தில் கைவைத்தவரும் கண்ணால் கண்டவரும் தனித்தனியே எழுத வேண்டும்; ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் எழுதி, மேற்பார்வை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். நேரம், இடம், பெயர் ஏதாவது விடுபட்டிருந்தால் அது திரும்பி வரும். மத்திய அரசின் சிறைகளில், சம்பவம் தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கையின் நகல் கைதியின் கைக்குப் போய்விடுவதுதான் வழக்கம். நாள்களைப் பறிக்கும் விசாரணை என்றால், குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகக் குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும் என்று 1974இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இவற்றை வெறும் அலுவலக விதிகள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். மனித நினைவைப் பற்றிய ஆராய்ச்சிகளை ஒட்டிவைத்துப் பார்த்தால், ஒவ்வொரு விதியும் மூளையின் ஒரு பழக்கத்துக்கு அணை போடுவது தெரியும். எனக்கு இதில் வியப்பு தீரவே இல்லை.

ஏன் வீட்டுக்குப் போவதற்குள்? ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அதன்பின் மறதி மெதுவாகிவிடுகிறது. கைகலப்பு என்பது பொருளற்ற அசை இல்லைதான். ஆனால் முதலில் வேகமாகச் சரிந்து பிறகு தணியும் அந்தப் போக்கு பலவகை நினைவுகளிலும் காணப்படுகிறது. நாளை எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், இழப்பின் பெரும்பகுதி இரவுக்குள்ளேயே முடிந்திருக்கும்.

மறந்த இடம் வெற்றிடமாகவே இருந்தாலாவது பரவாயில்லை, மனம் அதை நிரப்பிவிடுகிறது. அதனால்தான் தனித்தனியே எழுதச் சொல்கிறார்கள். பிரிட்டனில் ஃபியோனா கேபர்ட் குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனையில், இருவர் இருவராக ஒரு குற்றக் காட்சியைப் பார்த்தார்கள். இருவரும் பார்த்தது ஒரே படம் என்று நம்பினார்கள். உண்மையில் ஒவ்வொருவருக்கும் வேறு கோணத்தில் எடுத்த படம். ஒருவர் கண்டதில் சிலவற்றை மற்றவர் காண வழியே இல்லை. பார்த்தபின் பேசிக்கொள்ள விட்டார்கள். பேசியவர்களில் 71 விழுக்காட்டினர், தாங்கள் கண்டிருக்கவே முடியாத ஒன்றைக் கண்டதாகப் பின்னர் சொன்னார்கள். காவலர் அறையில் காபியோடு நடக்கும் பத்து நிமிடப் பேச்சு இதையே செய்யும். மூன்று பேரின் அறிக்கை ஒரே மாதிரி இருந்தால் அதை மூன்று சாட்சியாகக் கணக்கிட எனக்குத் தயக்கம் உண்டு.

ஒரு வினைச்சொல் போதும் நினைவைத் திருப்ப. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டினார்கள். கார்கள் மோதியபோது என்ன வேகம் என்று 50 பேரிடமும், மோதி நொறுங்கியபோது என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் குழுவில் 7 பேரும் இரண்டாம் குழுவில் 16 பேரும் பார்த்தோம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. "அவன் எப்போது உங்கள் மேல் பாய்ந்தான்?" என்று மேலதிகாரி கேட்டுவிட்டால், கையை உயர்த்தியவன்கூட நினைவில் பாய்ந்தவன் ஆகிவிடக்கூடும்.

பயத்தில் பார்த்தது மறக்காது என்று நாம் சொல்வோம். அமெரிக்க ராணுவத்தில், எதிரியிடம் பிடிபட்டால் தாக்குப்பிடிக்கப் பயிற்சி தரும் போலிக் கைதி முகாம்கள் உண்டு. அங்கே 12 மணி நேரம் அடைபட்டிருந்த 500க்கும் மேற்பட்ட படையினரை, ஒருவர் உடல்மேல் கைவைத்து மிரட்டி 40 நிமிடமும், வேறொருவர் மிரட்டாமல் 40 நிமிடமும் விசாரித்தார்கள். விடுவித்த ஒரு நாளுக்குப் பின், விசாரித்தவரை அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஆள்களை நேரில் நிறுத்திக் காட்டியபோது, மிரட்டாதவரைச் சரியாகக் காட்டியவர்கள் 62 விழுக்காடு; மிரட்டியவரைக் காட்டியவர்கள் 30 விழுக்காடுதான். சார்லஸ் மார்கன் குழுவினர் 2004இல் வெளியிட்ட முடிவு இது. முகத்துக்கு நேரே 40 நிமிடம் நின்றவரையே இப்படியென்றால், பத்து விநாடிக் கைகலப்பில் யார் முதலில் கை ஓங்கியது என்பதை எப்படி நம்புவது?

நேரமும் நீள்கிறது. 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழவைத்து நடத்திய சோதனையில், தாங்கள் விழுந்த நேரத்தை, பிறர் விழுவதைப் பார்த்து மதிப்பிட்டதைவிட 36 விழுக்காடு கூடுதலாக மக்கள் மதிப்பிட்டார்கள். அறிக்கையில் உள்ள 'ஒரு நிமிடம்' கேமராப் பதிவில் முக்கால் நிமிடமாக இருந்தால், எழுதியவர் பொய் சொன்னார் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஊகத்தைக் காட்சியாக எழுதுவது. 1971 செப்டம்பர் 13இல் கலகம் செய்த கைதிகளின் பிடியிலிருந்த நியூயார்க் மாநிலத்தின் ஆட்டிகா சிறையைக் காவல் படை மீட்டபோது, அவர்கள் பிடித்துவைத்திருந்த பணயக் கைதிகள் பலர் இறந்தார்கள். சிறைக் கைதிகள் பணயக் கைதிகளின் கழுத்தை அறுத்துவிட்டதாக அதிகாரிகள் சொன்னார்கள். நாளிதழ்கள் அப்படியே அச்சிட்டன. மறுநாள் உடற்கூறாய்வு செய்த மருத்துவர் ஜான் எட்லண்ட், அவர்கள் இறந்தது துப்பாக்கிக் குண்டுகளால் என்று அறிவித்தார். கைதிகளிடம் துப்பாக்கி இருக்கவில்லை. சுட்டது மீட்க வந்த படை.

அறிக்கை எழுதும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேமராப் பதிவைப் பார்க்கும் முன்பே, யாரிடமும் பேசும் முன்பே எழுதிவிடுங்கள். பதிவோடு முரண்பட்டால் முதலில் எழுதியதை அழிக்காமல், வேறு தாளில் அதைச் சொல்லுங்கள். பார்த்ததற்கு ஒரு வரி, கேட்டதற்கு ஒரு வரி, நினைத்ததற்கு ஒரு வரி என்று பிரித்து எழுதுங்கள். கைதி சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள்.