ஆழ்கடல் முக்குளிப்பில் ஹீலியம்: மயக்கம் தவிர்க்கும் வாயுவுக்குப் பற்றாக்குறை

புது தில்லி: அந்தமானின் சுவராஜ் தீவு, லட்சத்தீவுகள், கர்நாடகக் கடலோரத்தின் நேத்ராணி ஆகிய இடங்களுக்குக் கடலடியைக் காணச் செல்லும் சுற்றுலாப் பயணிகளின் சிலிண்டரில் பொதுவாக இருப்பது சாதாரணக் காற்று அல்லது ஆக்ஸிஜன் செறிவு கூட்டப்பட்ட "நைட்ராக்ஸ்' மட்டுமே. இதில் ஹீலியத்தையும் சேர்க்கலாமா என்ற விவாதம் முக்குளிப்பு உலகில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. உயிர்ப் பாதுகாப்பு தொடர்பான இக்கேள்வி, ஹீலியத்துக்கு ஏறத்தாழ முழுவதுமாக இறக்குமதியை நம்பியிருக்கும் இந்தியாவுக்குச் செலவு தொடர்பான கேள்வியாகவும் அமைகிறது.

ஆழத்தின் மயக்கம்: கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் அது மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது, காற்றில் 78 சதவீதம் உள்ள நைட்ரஜன் மது அருந்தியது போன்ற மயக்கத்தைத் தரத் தொடங்குகிறது. அழுத்தமானியைப் பார்த்தும் அதன் பொருள் விளங்காமல் போவதும், ஆபத்தை உணராமல் மேலும் ஆழத்துக்குச் செல்வதும் இதன் விளைவுகளே. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு 40 மீட்டர் என்ற எல்லையைப் பயிற்சி நிறுவனங்கள் வகுத்துள்ளதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொரு ஆபத்து ஆக்ஸிஜனால் வருவது. ஏறத்தாழ 66 மீட்டர் ஆழத்தில் சாதாரணக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனே நச்சாக மாறும் எல்லையை எட்டுகிறது. நீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலுள்ள சுவாசக் குழாய் நழுவி, மூழ்கி இறக்க நேரிடும்.

மூன்று வாயுக்களின் கலவை: மயக்கம் தராத ஹீலியத்தைக் கலந்து, நைட்ரஜன், ஆக்ஸிஜன் இரண்டின் பங்கையும் குறைப்பதே "டிரைமிக்ஸ்' எனப்படும் முறை. 18 சதவீத ஆக்ஸிஜன், 45 சதவீத ஹீலியம், மீதி நைட்ரஜன் கொண்ட கலவையை 60 மீட்டரில் சுவாசிப்பவருக்கு, நைட்ரஜனால் வரும் மயக்கம் சுமார் 23 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பவருக்கு நிகராகவே இருக்கும்.

வாயுவின் அடர்த்தியும் குறைகிறது. 60 மீட்டரில் காற்றின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 9 கிராம். மேற்கண்ட கலவையிலோ அது 6 கிராமுக்கும் குறைவு. அடர்த்தி மிகுந்தால் மூச்சு விடுவது கடினமாகி, உடலில் கரியமில வாயு தேங்கும். தலைவலி, பதற்றம் எனத் தொடங்கி அது நினைவிழப்பில் முடியலாம்.

கடற்படை வழங்கிய கொடை: ஹீலியக் கலவையின் பயன் 1939-ம் ஆண்டிலேயே உலகுக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் "ஸ்குவாலஸ்' நீர்மூழ்கிக் கப்பல் அவ்வாண்டு மே மாதம் சுமார் 74 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. 33 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். பின்னர் கப்பலை மேலே கொண்டுவரும் பணியில், காற்றால் மதிமயங்கிய வீரர்களுக்கு ஹீலியம், ஆக்ஸிஜன் கலவை கைகொடுத்தது. இந்தியக் கடற்படையில் 2025 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் சேர்க்கப்பட்ட "நிஸ்தார்' கப்பல், 300 மீட்டர் ஆழம் வரை முக்குளிப்போரை அனுப்பும் வசதி கொண்டது.

30 மீட்டருக்கு மேல் ஆழம் செல்லும் பொழுதுபோக்கு முக்குளிப்போருக்கும் தெளிந்த அறிவு தேவை என்பது ஹீலியத்தை ஆதரிப்போரின் வாதம். தெளிவு தரும் துணிவே பயிற்சியற்றவரை எல்லை தாண்டத் தூண்டும் என்பது எதிர்ப்போரின் கவலை. கலவையிலும் ஆபத்து உண்டு. பெரும் ஆழத்துக்கென 10 சதவீத ஆக்ஸிஜனுடன் தயாரிக்கப்பட்ட வாயுவை மேற்பரப்பில் சுவாசித்தால் நினைவிழக்க நேரிடும். எனவே ஒவ்வொரு சிலிண்டரையும் முக்குளிப்பவரே அளந்து பார்த்து, அளவை அதன்மீது எழுதி வைப்பது கட்டாய நடைமுறை.

எட்டாத விலை: தலா 12 லிட்டர் கொள்ளளவுள்ள இரட்டைச் சிலிண்டரை 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 4,800 லிட்டர் வாயு கிடைக்கும். மேற்கண்ட கலவையெனில் அதில் 2,160 லிட்டர் ஹீலியம். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 60 மீட்டரில் 140 லிட்டர் செலவிடுவார். 35 நிமிடம்கூட அது தாங்காது. மேலே திரும்புவதற்கான இருப்பையும் அதிலிருந்தே ஒதுக்க வேண்டும். வெளிவிட்ட வாயுவைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் "ரீபிரீதர்' கருவி செலவைப் பெருமளவு குறைக்கும். ஆனால் அதன் விலையும் பயிற்சியும் எளிதில் எட்டுபவை அல்ல.

மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவிகள், ஆய்வுக் கூடங்கள், விண்வெளித் துறை ஆகியவையும் இதே ஹீலியத்தை நம்பியுள்ளன. மேற்கு வங்கத்தின் பக்ரேஸ்வர் வெந்நீர் ஊற்றுகளில் வெளியேறும் வாயுவில் ஹீலியம் இருப்பது 1950-களிலேயே கவனிக்கப்பட்டது. தமிழகத்தின் குத்தாலத்தில் ஓ.என்.ஜி.சி.யின் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹீலியத்தைப் பிரிக்கும் சோதனை முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. இம்முயற்சிகள் வணிக உற்பத்தியாக வளராத வரை, ஒவ்வொரு லிட்டரும் அன்னியச் செலாவணியே.

முதல்முறை கடலடியைக் காணச் செல்வோருக்கு இந்தக் கவலை தேவையில்லை. வெளிச்சம் மிகுந்த பவளப்பாறைகள் பெரும்பாலும் 20 மீட்டருக்குள்ளேயே உள்ளன. அங்கு சாதாரணக் காற்றே போதும். அதற்கும் கீழே மூழ்கிய கப்பல்களைத் தேடிச் செல்வோர், வாயுக் கலவை, பயிற்சி ஆகியவற்றுடன் இன்னொன்றையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது அவசியம். விபத்து நேர்ந்தால் சிகிச்சை அளிக்கும் அழுத்த அறை எத்தனை மணி நேரத் தொலைவில் உள்ளது என்பதே அது. தீவுகளில் இதற்கான விடை, ஹீலியத்தைவிட முக்கியமானது.