நூல் அறுத்த சிறகு

வானில் செம்பருந்தைக் கண்டால் 'கருடன்' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது நம் வீட்டுப் பெண்மணிகளின் வழக்கம். டில்லிக்குக் குடிவந்த பின்னும் அவ்வழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. ஆனால் இங்கே நம் மாடிகளுக்கு மேல் வட்டமிடுவது பெரும்பாலும் அந்தக் கருடன் அன்று, கரும்பருந்து. இந்தி பேசுவோர் இதனைச் 'சீல்' என்பர். வெண்மையான மார்பும் செந்நிற மேனியும் இதற்கு இல்லை. மண்ணிற உடலும் பிளவுபட்ட வாலுமே இதன் அடையாளம். வணங்கப்படும் பேறு இல்லாவிடினும், காஜிப்பூர்க் குப்பை மேட்டிலும் இறைச்சிக் கடைத் தெருக்களிலும் கிடக்கும் கழிவைத் தின்று, இந்நகருக்கு இப்பறவை ஆற்றும் தொண்டு சிறிதன்று.

இவற்றுள் இங்கேயே பிறந்து வளர்வன பல. குளிர்காலத்தில் மட்டும் மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வருவனவும் உண்டு. சென்னையிலிருந்து டில்லிக்கு இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். அவ்விருந்தாளிகள் பறந்து வரும் வழியோ 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. பிழைப்பை நாடி நெடுந்தொலைவு வந்த நமக்கு அவற்றின் அருமை விளங்காமற் போகுமோ?

இப்பறவைக்கு நேரும் பெருந்துன்பம் நம் மொட்டை மாடிகளிலிருந்தே எழுகிறது. சுதந்திர தினத்தை ஒட்டி டில்லிச் சிறுவர் பட்டம் விடுவர். எதிரியின் நூலை அறுக்கும் பொருட்டுக் கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சாவையும், எளிதில் அறாத நைலான் நூலையும் பயன்படுத்துவர். விரைந்து வரும் பருந்தின் கண்ணுக்கு அந்நூல் புலப்படுவதில்லை. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே சிறகின் முன்விளிம்பில் மெல்லிய தோல் ஒன்று உண்டு. நூல் அதனையும் அதனுள் ஓடும் தசைநாணையும் அறுத்துவிடுகிறது. தசைநாண் அறுந்தால் சிறகை விரிக்க இயலாது. அறுந்த பட்டங்களின் நூல் மரக்கிளைகளில் சிக்கித் தொங்குவதால், விழா முடிந்த பின்னும் அபாயம் நீடிக்கிறது.

இவ்வாறு விழுந்த பறவைகளுக்குப் புகலிடம் அளிப்பவர்கள் நதீம் ஷெஹ்சாத், முகம்மது சவூத் என்னும் சகோதரர்கள். இளமையில் அடிபட்ட பருந்து ஒன்றை இவர்கள் எடுத்துச் சென்றபோது, மாமிசம் உண்ணும் பறவை என்று கூறிப் பறவை மருத்துவமனை ஒன்று அதனை ஏற்க மறுத்துவிட்டது. 2003-ஆம் ஆண்டு முதல் தங்கள் இல்லத்திலேயே பருந்துகளைப் பேணத் தொடங்கினர். சோப்புக் கருவிகள் செய்யும் தொழிலில் ஈட்டிய பொருளை இதற்கே செலவிட்டனர். வசீராபாத்தில் இவர்கள் நடத்திய எளிய சிகிச்சைக் கூடத்தைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் பிரீத்ஸ்' என்னும் ஆவணப்படம் 2022-இல் வெளிவந்து உலகப் பரிசுகள் பெற்றது.

பருந்தின் சிகிச்சை தையலோடு முடிவதன்று. புண் ஆறுவது வேறு; வானில் ஏறும் வலிமை திரும்புவது வேறு. பல வாரங்கள் அசையாதிருந்த தசை, பெரிய கூண்டில் பறந்து பழகியே உரம் பெற வேண்டும். முறிந்த இறகுகள் உதிர்ந்து புதியன முளைக்கச் சில பறவைகள் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. பின்னர் மாடியில் அமைந்த கூண்டின் மேற்புறத்தைத் திறந்து வைப்பர். வலிமை பெற்றது தானே எழுந்து இனத்தோடு கலக்கும். காலம் தாழ்த்திக் கொண்டுவரப்பட்டதோ, உயிர் பிழைத்தாலும் வாழ்நாள் முழுதும் தரையிலேயே கிடக்க நேரும். ஆகவே, பறவையின் பிற்காலம் பெரிதும் அதனை முதலில் காண்பவர் கையில் இருக்கிறது.

அடிபட்ட பருந்தைக் கண்டால் நம் குடும்பத்தார் செய்யத் தக்கவை இவை: தடித்த துணியை அதன்மேல் போர்த்தி எடுக்க வேண்டும், அலகைக் காட்டிலும் நகங்களே அஞ்சத்தக்கவை. காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். வாயில் நீர் ஊற்றலாகாது. பாலும் ரொட்டியும் கொடுக்கலாகாது. புண்ணில் புதைந்த நூலை இழுக்காமல், தொங்கும் பகுதியை மட்டும் கத்தரித்துவிட வேண்டும். அன்றே வனத்துறைக்கோ பறவைகளைப் பேணும் நிலையத்திற்கோ சேர்ப்பிக்க வேண்டும். அன்பு மிகுதியால் வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது; பறவைக்கும் நன்மை தராது.

பட்டம் விடும் களிப்பைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நைலான் நூலையும் கண்ணாடி பூசிய மாஞ்சாவையும் டில்லி அரசு 2017-இல் தடை செய்தது. பருத்தி நூலுக்குத் தடை இல்லை. ஆயினும் தடைப்பட்ட நூல் மறைவாக விற்கப்பட்டே வருகிறது. இருசக்கர வண்டியில் செல்வோரின் கழுத்தை அது அறுத்து உயிர் குடித்ததும் உண்டு. விற்பவனைப் பிடிப்பது காவலர் கடமை. நம் பிள்ளையின் கையில் இருப்பது எந்த நூல் என்று பார்ப்பது நம் கடமை. வரும் ஆகஸ்டில் நூற்கண்டு வாங்கப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல் பெற்றோரும் உடன் செல்வார்களாக. விழா முடிந்த மறுநாள் மாடியிலும் மரத்திலும் சிக்கிய நூலைப் பிள்ளைகளைக் கொண்டே சேகரித்துக் குப்பையில் சேர்ப்பார்களாக.