மரம் சொன்னது மே மாதத்தைப் பற்றி

எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு மரம் நிற்கிறது. செப்டெம்பர் வந்தால் செம்மஞ்சள் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்கும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பல தெருக்களில் இந்த மரத்தை நீங்கள் பெயர் தெரியாமல் கடந்து போயிருப்பீர்கள். மவுண்டன் ஆஷ் என்பது இங்குள்ள பெயர். இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் மச்சாள்மார் அதன் இனத்தை ரோவன் என்பார்கள். பழத்தைக் கடித்துப் பார்க்காதீர்கள், வாய் கசந்து போகும். றொபின் குருவிகளுக்குத்தான் அது விருந்து.

அப்பா கனடாவுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில் பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா அவருக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். இந்த மரத்தில் பழம் நிறைந்தால் குளிர்காலம் கடுமை, பழம் குறைந்தால் குளிரும் குறைவு. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு இருபது ஆங்கிலச் சொற்கள்தான், ஆனாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவர். சோளகம் எப்போது ஓயும், வாடை எப்போது எழும் என்று முகத்தில் படும் காற்றை வைத்தே சொல்லக்கூடியவர். இங்கே வந்தபிறகு வானமும் காற்றும் அவருக்குப் பிடிபடவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒரு மரம் கிடைத்தது அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மூன்று வருடம் மரம் சொன்னது சரியாக வந்தது. குறைந்தபட்சம், சரியாக வந்தது என்று அப்பா சொன்னார். நான்காவது வருடம் மரத்தில் பழமே இல்லை எனலாம், ஏழெட்டுக் கொத்து மட்டும். "பிள்ளை, இந்த முறை வின்ரர் லேசு. பழைய சப்பாத்தே காணும்" என்றார். அடிப்பக்கம் தேய்ந்து வழவழத்துப்போன சப்பாத்து. அந்த மாதம் எனக்குத் தொடர்ந்து இரவு வேலை, நானும் வற்புறுத்தவில்லை.

நவம்பர் நடுப்பகுதியில் ஒரு இரவு உறைமழை பெய்தது. காலையில் குப்பைத் தொட்டியை வீதிக்கு இழுத்துக்கொண்டு போன அப்பா வாசற்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. நான் வேலை செய்வதே எலும்பு முறிவுப் பிரிவில். இடுப்பு முறிந்து வரும் முதியவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை என்பதை ஒவ்வொரு குளிர்காலமும் கண்ணால் பார்க்கிறவள். என் வீட்டுப் படியில் உப்புப் போட்டிருக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு, அப்பா பகல் முழுக்க யன்னலடியில் இருந்து அந்த மொட்டை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சொன்னார்: "மரம் பொய் சொல்லிப்போட்டுது பிள்ளை."

அன்று இரவு என் கைத்தொலைபேசியில் பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தேன். மே மாதக் கடைசியில் எடுத்த ஒரு படத்தில் மரம் நிறைய வெள்ளைப் பூ. அதன் கீழே என் மகள் தடித்த ஜக்கெட்டும் குடையுமாக நிற்கிறாள். அப்போதுதான் நினைவு வந்தது. அந்த முறை பூத்த நாட்களில் குளிரும் மழையும் விடவேயில்லை. குளிரிலும் மழையிலும் தேனீ பறக்காது. தேனீ வராத பூவில் காய் பிடிக்காது. பழம் குறைந்ததன் கதை அவ்வளவுதான். அது மே மாதத்துக் கதை. வரப்போகும் நவம்பரைப் பற்றி மரத்துக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? அவருக்கு நீண்டகாலமாகச் சீனி வருத்தம். அடுத்த நாள் கேட்டேன்: "டொக்டர் ஏ1சி சோதனை செய்தால் என்ன தெரியும் அப்பா?"

"போன மூண்டு மாதம் நான் களவாய் என்னென்ன சாப்பிட்டனான் எண்டு தெரியும்."

"வாற மூண்டு மாதம் என்ன சாப்பிடுவியள் எண்டு தெரியுமோ?"

"அது எனக்கே தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். விழுந்தபிறகு முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் உயிர் வாழும். அந்த நாட்களில் இரத்தத்தில் இருந்த சீனி அதில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரு துளி இரத்தம் கடந்துபோன மாதங்களின் கணக்கைச் சொல்கிறது. பழமும் அப்படித்தான். அப்பிளின் கணக்கு இன்னும் நீளமானது. இந்த செப்டெம்பரில் நீங்கள் பறிக்கும் அப்பிளின் பூமொட்டு, போன வருடக் கோடையிலேயே கிளையில் உருவாகிவிட்டது. ஆக, உங்கள் கையில் இருப்பது பதினைந்து மாத வானிலையின் அறிக்கை.

போன வருடம் எங்கள் வாலிபர் குழு பௌமன்வில் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அப்பிள் பறிக்கப் போனபோது, அப்பாவையும் கைத்தடியோடு கூட்டிப் போனோம். ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் இவ்வளவு அப்பிள் தோட்டங்கள் ஏன் என்று அங்கேதான் முதல்முறை யோசித்தேன். காரணம் ஏரிதான். வசந்தத்தில் ஏரி மெதுவாகத்தான் சூடாகும், அதனால் கரையில் பூ அவசரப்பட்டு விரியாது. இலையுதிர்காலத்தில் அதே ஏரி மெதுவாகத்தான் குளிரும், அதனால் முதல் உறைபனி பிந்தி வரும்.

தோட்டக்காரர் 2012-ஐப் பற்றிச் சொன்னார். இந்த மாகாணத்தில் அப்பிள் வளர்க்கும் எவரிடமும் அந்த ஆண்டைப் பற்றிக் கேளுங்கள், முகம் மாறும். அந்த மார்ச் மூன்றாம் வாரத்தில் வெப்பம் 20 பாகையைத் தாண்டியது. கோடை வந்துவிட்டதென்று நாங்கள் பூங்காவுக்குப் போனோம், மரங்களும் அதையே நம்பின. வாரக்கணக்கில் முந்தி மொட்டு விட்டன. ஏப்ரல் கடைசியில் உறைபனி இரவுகள் வந்தன. நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 25 பாகையைத் தாங்கும் அதே மொட்டு, விரிந்து பூவாகிவிட்டால் மைனஸ் 2 பாகைக்கே கருகத் தொடங்கும். மைனஸ் 4-ஐ ஒட்டி அரை மணி நேரம் நின்றால் பத்தில் ஒன்பது பூ போய்விடும். பெரிய விசிறிகளைச் சுழற்றி மேலிருக்கும் சற்றுச் சூடான காற்றைக் கீழே இறக்கினார்கள், சிலர் ஹெலிகொப்டரைக்கூடப் பறக்கவிட்டார்கள். ஆனாலும் ஒன்ராறியோவின் அப்பிளில் ஏறத்தாழ 80 சதவீதம் அழிந்தது.

இனி ஒரு வேடிக்கை. அடுத்த ஆண்டு, 2013-ல், மரங்கள் முறியும் அளவுக்குக் காய்த்தன. அதே டிசம்பரில் ரொறன்ரோவில் பனிக்கட்டிப் புயல் அடித்து, ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. கிறிஸ்மஸ் சமையலைப் பார்பிக்யூ அடுப்பில் செய்த குடும்பங்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். "பார்த்தீர்களா, நிறையப் பழம், கடும் குளிர்!" என்பார் இத்தாலியத் தாத்தா. ஆனால் 2013-ல் அவ்வளவு காய்த்ததற்குக் காரணம் 2012-ல் மரம் ஓய்வாக இருந்ததுதான். காய் சுமக்கும் மரத்தில், காய்க்குள் இருக்கும் விதைகள் அடுத்த ஆண்டுப் பூமொட்டைத் தடுக்கும் சுரப்பை அனுப்புகின்றன. சுமை இல்லாத ஆண்டில் அந்தத் தடை இல்லை, மொட்டு ஏராளம். புயல் அதே வருடம் வந்தது தற்செயல். இப்படி ஒன்றிரண்டு தற்செயல் நடந்துவிட்டால் போதும், பழமொழி நூறு வருடம் உயிர் வாழும். பொய்த்துப்போன வருடங்களை யாரும் நினைவில் வைப்பதில்லை.

அந்தத் தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அயடீன் சோதனை. தோட்டக்காரர் ஒரு அப்பிளைக் குறுக்கே வெட்டி, புண்ணுக்குப் பூசும் அயடீன் போன்ற ஒரு கரைசலைத் தெளித்தார். வெட்டிய முகம் நடுப்பகுதி தவிரக் கறுத்தது. மாப்பொருள் இருக்கும் இடம் கறுக்கும், அது சீனியாக மாறிய இடம் வெள்ளையாகவே இருக்கும். பழுக்கப் பழுக்க நடுவிலிருந்து வெளியே கறுப்பு குறைந்துகொண்டு வரும். தோட்டக்காரர் படத்தோடு ஒப்பிட்டு, "இன்னும் ஒரு கிழமை" என்றார். வார்ட்டில் சோதனை அறிக்கை பார்க்கும் டொக்டரின் அதே முகம்.

நிறமும் வானிலையின் கையெழுத்துத்தான். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர் என்று சில நாட்கள் அமைந்தால் அப்பிளின் தோல் சிவக்கும். செப்டெம்பர் இரவுகள் புழுக்கமாகவே இருந்தால், உள்ளே பழுத்தாலும் வெளியே பச்சை விடாது, கடையில் விலை போகாது. மழை குறைந்த கோடையென்றால் பழம் சிறியது, ஆனால் இனிப்பு கூட. மழையும் வறட்சியும் மாறி மாறி வந்தால், தோலுக்குக் கீழே மண்ணிறப் புள்ளி விழும். பழத்துக்குக் கல்சியம் போய்ச் சேராததால் வருவது அது. ஹனிகிறிஸ்ப் வாங்குபவர்கள் கண்டிருப்பீர்கள். அழுகல் என்று எறியாதீர்கள், வெட்டிவிட்டுச் சாப்பிடலாம்.

வண்டிப் பாதையில் எங்கள் பொடியன் ஒருவன் ஒரு மசுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு முனையும் கறுப்பு, நடுவில் செம்மண் நிறப் பட்டை. கறுப்பு கூடினால் குளிர் கூடும் என்பது வட அமெரிக்கா முழுதும் உள்ள நம்பிக்கை. 1948-ல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சியியலாளர் ஹவர்ட் கரன் இதை எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். சில ஆண்டுகள் பொருந்தி வந்தது போலத் தோன்றியதால் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அவர் எண்ணிய பூச்சிகள் மிகச் சில. உண்மையில் அது வளர வளர நடுப்பட்டை அகலமாகிறது. ஆக, அந்தப் பட்டையும் கடந்த காலத்துக் கணக்கே. எனக்கு வியப்பு வேறு: அந்தச் சின்ன உயிர் இலைக்குழிக்குள் சுருண்டு, உடம்பில் கிளிசரோல் போன்றவற்றைச் சேர்த்து, உறைந்தபடியே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் எழுந்து நடக்கும்.

அப்படியானால் குளிர்காலம் வருவதை எது சொல்லும்? எவ்வளவு கடுமை என்பதை எங்கள் முற்றத்தில் உள்ள எதுவும் சொல்லாது. 2023–24 குளிர்காலம், 1948-லிருந்து கனடா வைத்திருக்கும் பதிவுகளில் மிக வெப்பமானது. அதற்கு ஒரு பெரிய காரணம் பசிபிக் சமுத்திரத்தில் சூடேறிக் கிடந்த நீர், எல் நினோ. எங்கள் வீதி மரத்துக்கு அது எங்கே தெரியப்போகிறது!

ஆனால் குளிர் வருகிறது என்பதை எல்லாமே சொல்கின்றன. செப்டெம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ மூன்று நிமிடம் சுருங்குகிறது. டிசம்பர் 21-ல் ஒன்பது மணி நேரம்தான் மிஞ்சும். பல மரங்கள் இந்தக் கணக்கைப் படித்துத்தான் இலைக் காம்பின் அடியை அடைத்து, மொட்டுக்குச் செதில் போர்த்துகின்றன. அப்பிள் மட்டும் பகலின் நீளத்தைவிடக் குளிரையே கூடுதலாக நம்பும். எதை நம்பினாலும், இந்த முறை லேசாக இருக்குமோ என்று எந்த மரமும் காத்திருந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் முழுதாக ஆயத்தம் செய்கிறது.

இரவில் வானம் தெளிந்து, காற்று அசையாமல் நின்றால் நிலம் தன் சூட்டை இழந்துவிடும், விடிய உறைபனி இருக்கும். வாசற்படி, பாலம், ஆலயத்தின் வாகனத் தரிப்பிடத்தில் உள்ள பள்ளம், இவைதான் முதலில் வழுக்கும். தமிழில் இந்த எல்லாவற்றுக்கும் பனி என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். புல்லில் இருக்கும் பனியும் படியில் இருக்கும் பனியும் ஒன்றல்ல என்று ஊரிலிருந்து புதிதாய் வந்த பெரியவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். தம்பி தங்கைகளே, அந்த யாராவது அநேகமாக நீங்கள்தான். அடுத்த முறை அம்மம்மா வீட்டுக்குப் போனால் அவருடைய சப்பாத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அப்பாவின் சப்பாத்தை நான் பார்க்கவில்லை.

இந்த செப்டெம்பர் எங்கள் மரத்தில் இலை தெரியாத அளவுக்குப் பழம். இத்தாலியத் தாத்தா வேலிக்கு மேலால் இரண்டு கைகளையும் விரித்து, வரப்போகும் குளிர் எவ்வளவு பெரிது என்று அப்பாவுக்குக் காட்டினார். அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொத்துகளை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். "மே மாதம் தேனீக்கு நல்ல காலமாய் இருந்திருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சப்பாத்துக்கடை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்கள் பிள்ளை?"