கடற்பசுவின் உடலில் பாஷாணம்

வெள்ளைப் பாஷாணம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஆர்சனிக் ஆக்சைடு, கொடிய நஞ்சு. ஆனால் மீன், இறால் முதலியவற்றிலும் ஆர்சனிக் உண்டு! பெரும்பாலும் அது ஆர்செனோபீட்டைன் என்ற சேர்மமாக இருக்கிறது. 1977-இல் ஆஸ்திரேலியச் சிங்கி இறாலில் கண்டறியப்பட்ட இச்சேர்மம் தீங்கு செய்யாமல் சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆகவே மொத்த ஆர்சனிக்கை அளந்தால் போதாது. எந்தச் சேர்மம், எவ்வளவு என்று பிரித்து அளக்க வேண்டும்.

இறந்து கரை ஒதுங்கிய விலங்கின் கல்லீரலில் சிறு துண்டெடுத்து, மெதனாலும் நீரும் கலந்த திரவத்தில் சேர்மங்களைக் கரைப்பார்கள். நுண்துகள்கள் நிரம்பிய குழாய் வழியே கரைசலைச் செலுத்தினால், சேர்மங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். கொதிக்கும் ஆர்கான் பிளாஸ்மாவில் அவை சிதைந்து, ஆர்சனிக் அயனியாகும். நிறை நிறமாலைமானி அந்த அயனிகளை எண்ணும்.

இங்கேதான் ஒரு பௌதிகச் சிக்கல். ஆர்சனிக்கின் நிறை எண் 75. ஆர்கானுக்கு 40, உப்பிலுள்ள குளோரினுக்கு 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால்? அதுவும் 75! கடல் விலங்கிலோ உப்புக்குப் பஞ்சமில்லை. எனவே அயனிகளின் பாதையில் ஹீலியத்தை நிரப்புகிறார்கள். உருவில் பெரிய போலி அயனி ஹீலியத்தோடு அடிக்கடி மோதி, வேகம் இழந்து தடைபட்டுவிடும். ஆர்சனிக் தப்பிச் செல்லும். எளிய, அழகான உத்தி!

ஜப்பானிய ஆய்வாளர்கள் பல கடல் விலங்குகளின் கல்லீரல்களை இவ்வாறு ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் ஆர்செனோபீட்டைனே மிகுந்திருந்தது. கடற்பசு மட்டும் விலக்கு; அதில் மிகுந்திருந்தது மெதில் ஆர்சானிக் அமிலம். அது மீன் தின்பதில்லை, கடற்புல் மேய்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நம் பாக் விரிகுடாவிலும் கடற்பசு உண்டு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். 2022-இல் தமிழக அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரை அதன் காப்பகமாக அறிவித்தது. அதைக் கொல்வது குற்றம். எனவே கரை ஒதுங்கும் ஒவ்வொரு சடலமும், அழுகுமுன் கிடைத்தால், ஆய்வாளருக்கு அரிய வாய்ப்பு.